ஆளில்லாத வீட்டுக் கோலம்

பவானியைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் மேல் பாதி, என் மேல் பாதி. நாற்பத்து இரண்டு நாள் என் கடைக்கு நேர் எதிரே அவள் ஒரு பொய்யைத் தினமும் விடியற்காலையில் கோலமாவால் வரைந்து வைத்தாள். நானும் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே அதைப் பார்த்து, "இன்னா லட்சணமா போட்டுகீறா பாரு" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தேன். கண் இருந்தும் குருடி என்று என்னைப் போன்றவளைத்தான் சொல்வார்கள்.

என் பெயர் ரெபேக்காள். புதுப்பட்டினத்துக்கு வடக்கே கடற்கரை ரோட்டில், ஐஸ் கம்பெனி கேட்டுக்கு எதிரில் பதினான்கு வருடமாக நாஸ்தா கடை நடத்துகிறேன். கம்பெனிக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம். இந்தப் பக்கம் எங்கள் காலனி. கேட்டுக்குள் நுழைந்தால் வலது கைப் பக்கம் மெஷின் ரூமும் கேஸ் டேங்கும். இடது கைப் பக்கம் முதலாளி வீடு, மாடி வைத்தது. அதன் வாசல் ரோட்டைப் பார்த்திருக்கும். கடையில் நின்றால் எனக்கு அந்த வாசல்தான் கண்ணில் படும்.

ஐஸ் கம்பெனிக்குள் எந்த முதலாளியாவது வீடு கட்டுவானா என்று கேட்கலாம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்னால் வேறொருவன் கம்பெனி நடத்தினான். பெயர் எதற்கு, போய்ச் சேர்ந்துவிட்டான். ஐஸ் உறைய வைக்கிற அமோனியாவை நாங்கள் கேஸ் என்றுதான் சொல்வோம். ஒரு மழை நாளில் அந்த கேஸ் கசிந்து, குப்பமும் காலனியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. கண் எரிச்சலில் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஊர் கூடிக் கேட்டைப் பூட்டியது. ஆறு மாதம் பூட்டியே கிடந்தது.

அப்புறம் அதை வாங்கியவர்தான் நரசிம்மன், செங்கல்பட்டுக்காரர். ஊர்க் கூட்டத்துக்கு வந்தவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. எங்களோடு மணலில் உட்கார்ந்தார்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்தா நீங்க நம்ப மாட்டீங்க," என்றார். "நான் உள்ளயே வீடு கட்டிக் குடி வரேன். நான், என் பொண்டாட்டி, என் பொண்ணு, மூணு பேரும் அந்த டேங்குக்கு அறுபதடியில தூங்குவோம். உங்களுக்கு ஒண்ணு ஆகுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஆவட்டும்."

அன்றைக்கே ஊர் பூட்டைத் திறந்தது. சொன்னபடி வீடும் கட்டினார். அதற்கப்புறம் யாரும் டேங்கைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தோம். காலையில் வாசலில் கோலம் இருந்தால் உள்ளே குடும்பம் இருக்கிறது, குடும்பம் இருந்தால் கேஸுக்குப் பயமில்லை. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

நல்லவராகத்தான் இருந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் ரூம் பக்கம் தொங்குகிற தண்டவாளத் துண்டை அவரே அடிப்பார். அடித்தால் எல்லாரும் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிராக ஓடிப் பழக வேண்டும். முதலாளியம்மா ரேணுகாவும் புடவைத் தலைப்பை நனைத்துக்கொண்டு ஓடுவார். குட்டிப் பெண் சிநேகா சிரித்துக்கொண்டே ஓடும். குடித்துவிட்டு வருகிறவனை உள்ளே விட மாட்டார். அவரைப் பார்த்து ஆட்களும் மாறினார்கள். கவுன்சிலரே வந்தாலும் தலையைச் சொரியாத சடையன், ஐஸ் பார் தூக்குகிற மேஸ்திரி, முதலாளி வருகிறார் என்றால் பீடியைக் காலால் நசுக்குவான்.

எனக்கு அவர் செய்ததை நான் தனியாகச் சொல்ல வேண்டும். காலனிக்காரி கடை என்று ஆரம்பத்தில் குப்பத்து ஆட்கள் நின்றபடி டீ மட்டும் வாங்கிக் குடிப்பார்கள். இட்லியில் கை வைக்க மாட்டார்கள். நரசிம்மன் ஒருநாள் கேட்டைத் தாண்டி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து, "நாலு இட்லி வைம்மா, கெட்டிச் சட்னி" என்றார். ஆறு தின்றார். மறுநாளிலிருந்து பெஞ்சில் இடமில்லை. பத்து வருடம் நான் அந்த ஆளுக்காக உயிரையும் கொடுத்திருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இப்படி அன்பாக உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் அறுக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி பவானி. குப்பத்துப் பெண். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கடலுக்குப் போன அவள் அண்ணன் திரும்பவில்லை, படகு மட்டும் கரை ஒதுங்கியது. இரண்டு வருடம் கழித்து அவளைக் கட்டிக்கொடுத்தது யாருக்கு? இன்னொரு கடல்காரனுக்கு. தீனா தங்கமான பிள்ளை, வாய் அதிராது. ஆனால் அவன் படகு கரையேறுகிற வரைக்கும் இவளுக்குச் சோறு இறங்காது. அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், நரசிம்மன் குடிவந்ததும் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறே மாதம். முதலாளியம்மாவிடம் சொல்லி, முதலாளியம்மா முதலாளியிடம் சொல்லி, தீனாவைக் கடலிலிருந்து பிடுங்கி மெஷின் ரூமில் நட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கடைக்கு வந்து, "இனிமே தூங்குவேன் யக்கா," என்றாள். "கடலுக்கு மொதலாளி கெடையாது. இங்க கீறாரு."

தீனாவும் சும்மா இல்லை. இரண்டு வருடத்தில் எந்த வால்வை எப்போது திறப்பது, எதை எப்போது மூடுவது என்று அவனுக்குத்தான் அத்துப்படி. மெஷின் இருமினால் அவன் வீட்டிலிருந்தே கண்டுபிடிப்பான் என்று சடையன் கிண்டல் செய்வான். பவானியின் கோலமும் அப்படித்தான் பேர் வாங்கியது. இருபத்தோரு புள்ளியைக் கண்ணிமைக்கிற நேரத்தில் வைத்து வளைத்துவிடுவாள். காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். தீனா மட்டும் வேண்டுமென்றே ஒரு காலைக் கோலத்துக்கு மேலே தூக்கிக் காட்டுவான், அவள் விளக்குமாற்றை ஓங்குவாள். இது தினமும் நடக்கும்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். என் கடையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் விசைப்படகுகள் கடலுக்குப் போயின. ஐஸுக்கு அடிதடி. லாரிகள் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நின்றன. அந்த வாரத்தில்தான் முதலாளி பவானியைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"சிநேகாவுக்கு பன்னண்டாவது, பவானி. ஊரப்பாக்கத்துல கோச்சிங் சேத்துட்டோம். அம்மாவும் கூடப் போறாங்க, ராத்திரி நானும் அங்க போயிடுவேன், கொஞ்ச நாளைக்குத்தான். வீட்டுல ஆளில்லன்னு தெரிஞ்சா திருடன் வருவான். அதனால யார்கிட்டயும் சொல்லாத. தீனாகிட்டயும் வேணாம், அவன் வெகுளி, வாய் தவறி எங்கயாவது சொல்லிடுவான். காலையில கோலம் தவறக்கூடாது. சாயந்தரம் போகும்போது மாடி லைட்டப் போட்டுட்டுப் போ. உன்ன நம்பித்தான் வீட்ட விடுறோம்."

உன்னை நம்பி. அவளை விலைக்கு வாங்க அந்த வார்த்தை போதும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு இட்லி போகும், அது நின்றுபோனது. வெள்ளிக்கிழமை தண்டவாளம் அடிப்பதும் நின்றுபோனது. முதலாளி கார் காலையில் ஒன்பது மணிக்கு வருகிறது, ஆறு மணிக்குப் போகிறது.

"ஏண்டி, முதலாளியம்மாவ கண்லயே காணோம்," என்று கேட்டேன்.

"முட்டி வலி யக்கா. மாடிய வுட்டு எறங்கறதே இல்ல."

"பாப்பா?"

"படிச்சிகினே கீது."

கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் நம்பினேன். நம்பினது மட்டுமா, "முட்டி வலிக்கு இத தேய்க்கச் சொல்லு" என்று என் வீட்டிலிருந்த தைல பாட்டிலை அவளிடம் கொடுத்தனுப்பினேன். அதை வாங்கிக்கொண்டு போனாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. மறுநாள் ஆடி வெள்ளி. சாமி ரூமைத் துடைத்து, விளக்கைத் துலக்கி வைக்கலாம் என்று பவானி மத்தியானம் கதவைத் திறந்திருக்கிறாள். சுவரில் ஆணிகள் இருந்தன. ஆணிக்குக் கீழே மஞ்சள் குங்குமக் கறை இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை. குத்துவிளக்கு இல்லை. குலதெய்வத்துக்கு முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணியும் இல்லை. முந்தின நாள் சாயந்தரம் முதலாளி காரில் ஏதோ அட்டைப்பெட்டி ஏற்றியது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கோச்சிங்குக்குப் போகிறவர்கள் துணிமணி எடுத்துப்போவார்கள், பாத்திரம் எடுத்துப்போவார்கள். சாமியை எடுத்துப்போக மாட்டார்கள். அதுவும் ஆடி மாதத்தில். எங்கள் பக்கம் வாடகை வீட்டுக்காரன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்கூட ஆடியில் வீடு மாற மாட்டார்கள், சாமி விளக்கை நகர்த்தவே மாட்டார்கள். நரசிம்மனோ நல்ல நேரம் பார்க்காமல் லாரியை நகர்த்தாத ஆள். அப்படிப்பட்டவர் ஆடியில் சாமியைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்றால், ஆவணி வரைக்கும் அந்த வீடு நிற்குமா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. பவானி படிக்காதவள்தான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்.

அங்கேயே நின்று முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, சாமி படமெல்லாம் காணமே. நீங்கோ திரும்பி வர மாட்டீங்களா?"

ரேணுகா குரலைத் தாழ்த்தி, "பவானி, தீனாவ கொஞ்ச நாளைக்கு லீவு போடச் சொல்லு. ஏன்னு கேக்காத," என்றாராம்.

"கேக்காம எப்படிம்மா இருக்கறது?"

"டேங்க் அடியில அரிச்சுப்போச்சாம். எப்ப வேணா விடலாம்னு அந்த இன்ஜினியர் சொல்லிட்டுப் போனாரு. சீசன் முடிஞ்சதும் மாத்திடலாம்னு இவரு சொல்றாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"உங்க புள்ளைய கூட்டிகினு பூட்டீங்க. சாமியையும் கூட்டிகினு பூட்டீங்க. எம் புருசன் டேங்குக்குப் பக்கத்துல குந்திகினு கீறான்ம்மா."

அதற்கு ரேணுகா அழுதாராம். அழுது என்ன பிரயோஜனம். நாற்பத்து இரண்டு நாள் அந்தம்மாவுக்கு அழுகை வரவில்லை, கேட்டபிறகு வருகிறது.

மூன்று மணிக்குத் தீனா ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தான். பவானி எல்லாவற்றையும் கொட்டினாள். தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், டேங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வூட்ல ஆளு இல்லன்னு உனுக்கு இத்தினி நாளா தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லல."

"அவரு சொல்லாதேன்னாரு."

"டெய்லி உன் கோலத்த தாண்டிதான நான் உள்ள போனேன்." அவ்வளவுதான் சொன்னான். சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டான்.

அப்புறம் முதலாளிக்குப் போன் செய்தான். அவர் எப்போதும் போலத் தன்மையாகப் பேசியிருக்கிறார். அந்த இன்ஜினியர் பயமுறுத்துகிற ஆள், அம்மா சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுவார், ஆடி முடிந்ததும் புது டேங்க் வருகிறது, உன்னைக் கேட்காமல் நான் ஏதாவது செய்வேனா தீனா. தீனாவின் முகம் தெளிந்துவிட்டது. "மாத்தறேன்னு சொல்லிட்டாரு. பேஜாரு பண்ணாத," என்று படுத்துவிட்டான். பத்து வருடம் நல்லவராக இருந்த மனிதர் சொல்கிறார், பொண்டாட்டி சொல்கிறாள். யாரை நம்புவான்? பொண்டாட்டிதான் நாற்பத்து இரண்டு நாள் பொய் சொன்னவள் ஆயிற்றே.

விடிந்தால் ஆடி வெள்ளி. ஊரில் ஒவ்வொரு வாசலிலும் பெரிய கோலம். ஐந்து மணிக்கு நான் அடுப்பைப் பற்ற வைக்கும்போது பவானி வந்தாள். முதலாளி வாசலைப் பெருக்கினாள். சாணி கரைத்துத் தெளித்தாள். கோலமாவு கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துக் குனிந்தாள். அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து ரோட்டைத் தாண்டி வந்து, கொட்டாங்குச்சியோடு என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி?"

"போடல யக்கா."

"ஒடம்பு சரியில்லியா?"

"இனிமே போட மாட்டேன்."

ஆறு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் சடையன். கேட்டில் கால் வைத்தவன் வாசலைப் பார்த்துவிட்டு நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தீனாவும் அவர்களில் ஒருவன். ஆடி வெள்ளியில் வாசல் வெறுமையாக இருந்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். சடையன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"இன்னாம்மா, மொதலாளி வூட்ல எதனா துக்கமா?"

பவானி எழுந்தாள். "வூட்ல யாரும் இல்ல அண்ணாத்த. நாப்பத்திமூணு நாளா யாரும் இல்ல. டேங்க் வுட்டுடும்னு தெரிஞ்சிகினு பூட்டாங்க. நான்தான் கோலம் போட்டுகினு இருந்தேன்."

மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். சடையன் அவளையே பார்த்தான்.

"எம் புள்ள ரெண்டும் உள்ள வேல செய்யுது. உனுக்குத் தெரியும்ல?" என்றான். பிறகு தரையில் துப்பினான். முதலாளி அங்கே இல்லை, இவள்தான் இருந்தாள்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். "என் தைல பாட்டில் எங்கடி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

ஒருவரும் உள்ளே போகவில்லை. ராத்திரி ஷிப்டு ஆட்களையும் சடையன் குரல் கொடுத்து வெளியே வரவழைத்தான். எட்டரைக்கு முதலாளி வந்தார். எப்போதும் வீட்டுப் போர்ட்டிகோ வரைக்கும் போகிற கார் அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியே நின்றது. அதுவும் மூஞ்சியை வந்த வழிக்குத் திருப்பி நிறுத்தினார். இறங்கி நின்றவர், கைக்குட்டையைத் தூக்கிக் காற்று பார்த்தார். தரைக்காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை மனிதர்.

கேட்டுக்குக் கிட்டே வராமல், தூரத்திலிருந்தே குரல் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். எல்லாம் வதந்தி, நாளைக்கே குடும்பத்தோடு வருகிறேன், அது இது. யாரும் அசையவில்லை. கடைசியில், "சரிப்பா, வேலை செய்ய வேணாம். மெஷின் ஓடிட்டிருக்கு, அதையாவது முறையா நிறுத்தணுமே. அப்படியே விட்டா இன்னும் ஆபத்து. தீனா, உன்ன விட்டா அது யாருக்குத் தெரியும்?" என்றார்.

தீனா துண்டை என் குடத்துத் தண்ணீரில் நனைத்தான். பவானி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாத. அவரே உள்ள வர மாட்டேங்கறாரே, தூரமா நிக்கறாரு பாரு."

"அவரு உப்ப தின்னுகீறோம். வுடு," என்றான். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். முந்தின நாளிலிருந்து அவளோடு அவன் பேசிய முதல் பேச்சு அது. கேட்டுக்குள் போனான். வெறும் வாசலைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனான், பழக்கதோஷம்.

மெஷின் நின்றது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் சோடா பாட்டில் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சீறல். மெஷின் ரூம் ஜன்னலில் வெள்ளையாகப் புகை பொங்கியது. சடையன் பின்சுவர் ஏறிக் குதித்துத் தண்டவாளத்தை அடித்தான். குப்பம் முழுக்க ஈரத்துணி கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடியது. அத்தனை வெள்ளிக்கிழமையும் பழகிய பழக்கம் வீண் போகவில்லை. சடையனும் அவன் மகன் ஒருவனும் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்த் தீனாவைத் தரையோடு இழுத்து வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது பஸ் ஸ்டாப் பக்கம் கார் இல்லை.

தீனா சாகவில்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தான். கண் தப்பியது. நுரையீரல் வெந்துபோனது. இப்போது வீட்டிலிருந்து தெருமுனைக் குழாய் வரை நடந்தால் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். முதலாளி ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். செலவையும் ஏற்றுக்கொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும் தீனா," என்றாராம். சறுக்கினது யானை, நசுங்கினது யார்?

அன்றைக்குப் பவானி கோலம் போட்டிருந்தால் பதினெட்டுப் பேர் உள்ளே இருந்திருப்பார்கள். இதை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. முந்தின நாற்பத்து இரண்டு நாளைத்தான் சொன்னார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவள் குடத்தை நகர்த்திக்கொள்வாள். "இவ கோலம் போட்டா உள்ள பொணந்தான் கெடக்கும்" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் தன் வீட்டு வாசலில்கூடக் கோலம் போடுவதை விட்டுவிட்டாள். நானும் நாலு மாதம் பேசவில்லை. தீனாவுக்குச் சோறு இறங்காது என்று தினமும் இட்லி வாங்க வருவாள். கட்டிக் கொடுப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஒருநாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "நல்லா திட்டிடு யக்கா. பேசாம இருக்காத, தாங்க முடியல," என்றாள்.

திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். இட்லி ஆறிப்போகும்வரை திட்டினேன். முடித்தபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள், நானும் அழுதுகொண்டிருந்தேன். பெஞ்சில் உட்காரவைத்துச் சூடாக இரண்டு இட்லி வைத்தேன்.

"யக்கா, அவரு என்ன ஏமாத்துனதுகூட ஆறிடும்," என்றாள். "எங் கைய வச்சி உங்கள ஏமாத்தினாரே. அதான் ஆற மாட்டேங்குது."

இந்த வருடம் மாசி மாதம் கம்பெனிக்குப் புது டேங்க் வந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதைக் கண்ணாடி போட்டுக் கேட்டில் மாட்டினார் நரசிம்மன். வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஊரைக் கூட்டினார். பழையபடி மணலில் உட்கார்ந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது, அதுதான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம்.

"தப்பு நடந்துபோச்சு. நான் ஒத்துக்குறேன்," என்றார். "இது புது டேங்க். இனி ஒரு குறையும் வராது. நான் மறுபடியும் இங்கயே குடி வரேன். நாளைக்கு நல்ல நாள். பவானி கையால வாசல்ல ஒரு கோலம் போடட்டும். நாம புதுசா ஆரம்பிக்கலாம்."

எல்லாத் தலையும் பவானி பக்கம் திரும்பியது. வேலையில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த ஊர். அவள் சரியென்றால் திங்கட்கிழமை எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். மறுபடியும் அவள் கை. தீனா அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அவனைப் பார்த்தாள். எழுந்தாள்.

"போட்றேன் மொதலாளி," என்றாள். "அம்மாவும் பாப்பாவும் இன்னிக்கு ராத்திரி இங்க வந்து படுக்கட்டும். காலைல பாப்பா கதவத் தொறந்துகினு வெளிய வந்து நிக்கட்டும். அது நிக்கற எடத்தச் சுத்திப் போட்றேன்."

"சிநேகாவுக்கு ஸ்கூல் இருக்கேம்மா."

"நாளிக்கு ஞாயித்துக்கெழம மொதலாளி."

நரசிம்மன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். கேட்டில் மாட்டியிருந்த சான்றிதழைக் கையால் காட்டினார். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

சடையன் எழுந்து கைலியில் ஒட்டிய மணலைத் தட்டினான். "எங்க புள்ளைங்கள உள்ள அனுப்ச்ச சொல்லோ யோசிக்கலியே மொதலாளி," என்று சொல்லிவிட்டு நடந்தான். ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். போகிற வழியில் சடையன் நின்று, தீனாவின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். இன்னொரு பக்கம் பவானி பிடித்துக்கொண்டாள்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.